ஜெயிச்ச பிறகு பூத் ஆளுங்களை எப்படித் தக்க வைக்கிறது? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரங்க சொல்லுங்க

தகடூரான்

எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டத்துல ஒரு தொகுதியில பூத் கமிட்டி ஒருங்கிணைப்பு பார்க்கிறேன். எந்தக் கட்சின்னு இங்க வேண்டாம். நான் சொல்லப்போற பிரச்சினை எல்லாக் கட்சியிலயும் இருக்கு.

தேர்தல்ல ஜெயிச்சோம். எண்ணிக்கை அன்னிக்கு மையத்துக்கு வெளிய கடைசிச் சுற்று வரைக்கும் சாப்பிடாம நின்ன பசங்க, இப்போ கூட்டம்னு போன் பண்ணா எடுக்கிறதே இல்லை. வாட்ஸ்அப் குழுவுல காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் ஓடுது. ரெண்டு பேர் சத்தமில்லாம குழுவை விட்டு வெளியேறிட்டாங்க.

இவங்க யாரும் காசுக்காக வந்தவங்க இல்லை. ஒருத்தன் டிப்ளமோ முடிச்சுட்டு ஓசூர்ல கம்பெனி வேலையில இருக்கான், சம்பளம் பிடிச்சாலும் பரவாயில்லைன்னு லீவு போட்டுட்டு வந்தான். ஒரு அக்கா மகளிர் குழுத் தலைவி. இன்னொருத்தர் டீக்கடை வச்சிருக்கார். அவர் பாகத்துல, அதாவது அவர் பூத்துக்கான வாக்காளர் பட்டியல் பகுதியில, எந்த வீட்டுல எத்தனை ஓட்டு, யாரு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்காங்க, யாரு திருப்பூர்ல இருக்காங்க, எந்தக் கெழவிக்கு உதவித்தொகை நின்னுபோச்சு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட ஆளுங்களை அஞ்சு வருஷம் சும்மா உட்கார வச்சுட்டு, அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும் மறுபடி வீட்டு வாசல்ல போய் நிக்கிறோம்.

எல்லாருக்கும் பொறுப்பு கொடுக்க முடியாது. பொறுப்பு இல்லாம ஒரு தொண்டனை எப்படிக் கூடவே வச்சிருக்கிறது? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

பாலக்கோடு தக்காளி

அண்ணா, நேராவே சொல்லிடறேன். பூத்துல வேலை பார்த்தவனுக்கு ஒண்ணும் கிடைக்கல. ஒப்பந்த வேலை, கோயில் அறங்காவலர், கூட்டுறவு சங்கம்னு எது வந்தாலும் ஏற்கெனவே வசதியா இருக்கிறவனுக்குத்தான் போகுது. சில பேரு எண்ணிக்கைக்கு அடுத்த நாள் மாலையோட வந்து முன் வரிசையில உட்கார்ந்தவங்க. பின்னாடி நிக்கிறவன் இதையெல்லாம் பார்த்துட்டுதானே இருக்கான்? அவன் ஏன் போன் எடுக்கணும்?

சேவை, கொள்கைன்னு எவ்வளவு பேசினாலும் இதைச் சரி பண்ணாம எதுவும் ஒட்டாது.

காரிமங்கலம் பெரியவர்

தம்பி பாலக்கோடு சொல்வதில் உள்ள வலி நியாயமானது. ஆனால் பதவிதான் தொண்டனைப் பிடித்து வைக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. வரலாற்றைப் பாருங்கள். திமுக தொடங்கியது 1949-இல். முதன்முதலாகத் தேர்தலில் நின்றது 1957-இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் ஆட்சி அவர்கள் கையில் இல்லை. ஆனாலும் ஊருக்கு ஊர் கிளை வளர்ந்தது. படிப்பகம் இருந்தது. மாலையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், பிறகு விவாதம் நடக்கும். தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதையே 1956 திருச்சி மாநாட்டில் வந்திருந்தவர்களிடம் வாக்கெடுப்பு நடத்தித்தான் முடிவு செய்தார்கள். தன்னைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள் என்ற நினைப்பு ஒருவனுக்கு வந்துவிட்டால் அவன் எளிதில் விலக மாட்டான்.

காமராஜர் 1963 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பதவியை விட்டுவிட்டுக் கட்சிப் பணிக்குப் போனதையும் இங்கே நினைக்க வேண்டும். ஆட்சியில் இருக்கும்போது கட்சி தேய்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். அப்படியிருந்தும் 1967-இல் காங்கிரஸ் தோற்றது. விருதுநகரில் அவரே தோற்றார். தோல்விக்கு அரிசித் தட்டுப்பாடு, மொழிப் போராட்டம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் மேலே ஒரு தலைவர் எவ்வளவு பெரிய தியாகம் செய்தாலும், கீழே கிளையில் அன்றாட வேலை இல்லையென்றால் அது தொண்டன் வரை வந்து சேராது என்பது என் எண்ணம்.

மத்தூர்க்காரி

பெரியவர் ஐயா சொன்ன படிப்பகத்துல பொம்பளைங்க உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதனால எங்க பக்கத்தையும் சொல்லிடறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துல நாங்க வீடு வீடா போனப்போ ஆம்பளைங்க கதவு வரைக்கும்தான் வந்தாங்க, அடுப்பங்கரை வரைக்கும் போனது நாங்க. வெயில்ல மாங்காத் தோப்பு வேலையை முடிச்சுட்டு, சாயங்காலம் குழுக் கூட்டம்னு சொல்லி வீட்டுல அனுமதி வாங்கிட்டு வந்த பொண்ணுங்க இருக்காங்க. ஜெயிச்ச அப்புறம் நன்றி அறிவிப்புக் கூட்டம் போட்டாங்க. மேடையில ஒரு பொம்பளைகூட இல்லை. கூட்டம் முடியறப்போ ராத்திரி ஒன்பதரை, ஊருக்குப் போக பஸ் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு அவங்க எப்படி வருவாங்க?

கூட்டத்தை மதியம் ரெண்டு மணிக்கு வைங்க. பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள முடிங்க. ஒன்றியத் தலைமையிடத்துக்குக் கூப்பிடாம ஊர்லயே, மகளிர் குழு கூடற இடத்துலயே வைங்க. இதுக்குப் பைசா செலவில்லை.

இன்னொண்ணு. தமிழ்நாட்டுல உள்ளாட்சியில பெண்களுக்கு 50 சதவீத இடம்னு 2016-லயே சட்டத் திருத்தம் வந்தாச்சு. வேட்புமனு சமயத்துல மட்டும் "உங்க வீட்டுக்காரம்மா ஆதார் கார்டு கொடுங்க"ன்னு வராதீங்க. பூத் வேலை பார்த்த பொண்ணை இப்பவே பிடிஓ ஆபீசுக்கும் கிராம சபைக்கும் கூட்டிட்டுப் போய் நடைமுறை சொல்லிக் கொடுங்க. தேர்தல் எப்போ வந்தாலும் அவ தயாரா இருப்பா. பொறுப்பு தர முடியலைன்னு தகடூரான் அண்ணா வருத்தப்படறார். ஒருத்தியை ஆளாக்கி விடறதைவிடப் பெரிய பொறுப்பு என்ன இருக்கு?

தகடூரான்

அக்கா, ரெண்டு மணி கூட்டம் எங்களுக்குத் தோணவே இல்லை. இந்த மாசமே மாத்தறோம்.

சித்தேரி அடிவாரம்

நாங்க ஒரு வேலையைப் பிடிச்சுக்கிட்டோம். அரூர் பக்கம். அதனால எங்க குழு இன்னும் கலையல. கொஞ்சம் விரிவாச் சொல்றேன், யாருக்காவது உதவும்.

நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் தீராத பிரச்சினை போர் தண்ணியில இருக்கிற ஃபுளோரைடு. பழுப்புக் கறை படிஞ்ச பல்லோட ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கு. வயசானவங்களுக்கு முட்டி மடங்காது, முதுகு நிமிராது. இதுக்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல அடிக்கல், 2013-ல பயன்பாட்டுக்கு வந்தது. ஆனா ஆத்துத் தண்ணி பத்தாத நாள்ல, குழாய் உடைஞ்ச நாள்ல, மேல்நிலைத் தொட்டியில போர் தண்ணியைக் கலந்து விட்டுடறாங்க. குழாயைத் திறந்தா தண்ணி வருது, எந்தத் தண்ணின்னு யாருக்குத் தெரியும்?

ஊராட்சிகளுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்து, ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியும் ஜல் ஜீவன் திட்டத்துல கொடுத்திருக்காங்க. எங்க ஊராட்சியில அந்தப் பெட்டி அலமாரியில சும்மா கிடந்தது. எங்க பூத்துல வேலை பார்த்த ரெண்டு பொண்ணுங்களும் ஒரு பையனும் ஊராட்சிச் செயலர்கிட்ட கேட்டு வெளிய எடுத்தாங்க. சின்னக் கண்ணாடிக் குழாய்ல கோடு வரைக்கும் தண்ணி பிடிச்சு, பாட்டில்ல இருக்கிற மருந்தைச் சொட்டு சொட்டா விடணும். மூடி போட்டுக் குலுக்கி, கொஞ்ச நேரம் விட்டுட்டு அட்டையில இருக்கிற நிறத்தோட ஒப்பிடணும். நல்ல தண்ணின்னா இளஞ்சிவப்பு அப்படியே நிக்கும். ஃபுளோரைடு கூடக் கூட அது வெளுத்து மஞ்சளாப் போகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனா குடிக்கக் கூடாது.

மாசம் ஒரு தடவை ஒவ்வொரு தெருக் குழாய்லயும் எடுக்கிறாங்க. நோட்டுல தேதி, தெரு, நிறம், அன்னிக்கு டேங்க் ஆபரேட்டர் எந்தத் தண்ணி ஏத்தினார், எல்லாம் எழுதறாங்க. கடைசித் தெருவுல மட்டும் திரும்பத் திரும்ப மஞ்சள் வந்தது. நோட்டை எடுத்துட்டுத் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனுவோட இணைச்சுக் கொடுத்தாங்க. அதிகாரிங்க வந்து பார்த்தாங்க. அந்தத் தெருவுக்குப் போற வால்வு பழுதாகி ஆத்துத் தண்ணி போறதே இல்லைன்னு தெரிஞ்சு மாத்தினாங்க.

அந்தப் பையனுக்குக் கட்சியில ஒரு பொறுப்பும் இல்லை. ஆனா இன்னிக்குத் தெருவுல அவன் நடந்தா "தண்ணி என்னப்பா சொல்லுது?"ன்னு கேக்கறாங்க. அவன் எங்கயும் போக மாட்டான்.

பாலக்கோடு தக்காளி

சித்தேரி அண்ணா, படிச்சப்போ சந்தோஷமா இருந்தது. எங்க பக்கமும் பல்லு பிரச்சினை இருக்கு. அந்தப் பெட்டி எல்லா ஊராட்சியிலயும் இருக்குமா?

சித்தேரி அடிவாரம்

செயலர்கிட்ட கேளுங்க. மருந்து தேதி தாண்டியிருந்தா அதையும் எழுதிக் கேட்டு வாங்குங்க, பழைய மருந்துல நிறம் சரியா வராது. சந்தேகம் வந்தா குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல கொடுத்து உறுதிப்படுத்திக்கணும், பெட்டி சொல்றதை மட்டும் வச்சு சண்டைக்குப் போகக் கூடாது.

பழைய வார்டு மெம்பர்

நான் 2019 டிசம்பர் ஊரகத் தேர்தல்ல ஜெயிச்சவன். 2025 ஜனவரியில பதவிக்காலம் முடிஞ்சு ஊராட்சியெல்லாம் தனி அலுவலர் கைக்குப் போச்சு. உள்ள இருந்து பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்றேன், சில பேருக்குக் கோபம் வரலாம்.

ஜெயிச்ச கட்சியோட பூத் ஆளுக்கு வேலை கொடுக்கணும்னு எல்லாரும் சொல்றீங்க. நடைமுறையில அது என்ன ஆகுது? பட்டா மாறுதலா, என்னைப் பாரு. முதியோர் உதவித்தொகையா, என்னைப் பாரு. வீடு வேணுமா, என் மூலமா வா. ஒரே வருஷத்துல தொண்டன் புரோக்கர் ஆயிடறான். முதல்ல டீ, அப்புறம் பெட்ரோல் காசு, அப்புறம் ரேட்டு. எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட வீடு அவன்கிட்ட வரவே பயப்படுது. அடுத்த தேர்தல்ல அந்த ஊர் நம்மைத் தோக்கடிக்கிறதுக்குக் காரணமே அவன்தான்.

அதனால தொண்டன் போக வேண்டிய இடம் தாலுகா ஆபீஸ் வராண்டா இல்லை, கிராம சபை. முன்ன வருஷத்துக்கு நாலு தடவை, 2022-லேர்ந்து ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி மக்கள்தொகை 3,001-லேர்ந்து 10,000 வரைன்னா 200 பேர் வந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். பல ஊர்ல நூறு நாள் வேலைக்கு வந்தவங்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக் கணக்கை முடிச்சுடறாங்க. ஓட்டுக்கு ஆயிரம் பேரைத் திரட்டத் தெரிஞ்சவனுக்கு கிராம சபைக்கு 200 பேரை, கட்சி பார்க்காம, கூட்டிட்டு வரத் தெரியாதா? வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்க. தீர்மானம் எழுதின பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்க, வெத்துத் தாள்ல போட வேண்டாம். எல்லார் முன்னாடியும் நடக்கிற வேலையில புரோக்கர் முளைக்க முடியாது.

தகடூரான்

மெம்பர் அண்ணா, புரோக்கர் விஷயத்துல உங்க கூட முழுசா ஒத்துப்போறேன். ஆனா ஒரு கேள்வி. ஏரியூர் தாண்டி ஒரு கிராமத்துல இருக்கிற பாட்டிக்குப் பென்ஷன் நின்னுபோச்சு. வங்கிக் கணக்குல ஆதார் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம், இறந்துட்டதா தப்பாப் பதிவாயிருக்கலாம். யாராவது கூட இருந்து உதவாம அவங்களால தாலுகா ஆபீஸ் போய்வர முடியாது. ரெண்டு பஸ் மாறணும், ஒரு நாள் கூலி போகும். அந்தப் பாட்டியை கிராம சபை வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாமா?

பழைய வார்டு மெம்பர்

சொல்லக் கூடாது. கூடப் போகட்டும். ஆனா மூணு கட்டுப்பாடு வேணும். மனு பாட்டி பேர்லயே, பாட்டி போன் நம்பரோட போகணும். ஒப்புகைச் சீட்டு பாட்டி கையில இருக்கணும். ஒரே ஆள் எல்லா வீட்டுக்கும் போகக் கூடாது, மாத்தி மாத்திப் போகணும். சீட்டு யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் அதிகாரம். அது தொண்டன் சட்டைப் பைக்கு வந்த நாள்லேர்ந்துதான் கெடுதல் ஆரம்பிக்குது.

மத்தூர்க்காரி

சீட்டு பாட்டி கையில. இதை எங்க குழுவுல அப்படியே சொல்லப் போறேன்.

ஓசூர் ரெண்டாம் ஷிப்ட்

நகரப் பக்கத்துலேர்ந்து ஒரு கருத்து. தகடூரான் அண்ணா சொன்ன அந்த டிப்ளமோ பையன் மாதிரி நூத்துக்கணக்கான பேர் இங்க சிப்காட்ல இருக்கோம். ஓட்டு ஊர்ல, வேலை ஓசூர்ல. கூட்டத்துக்கு வரலைன்னதும் "அவன் போயிட்டான்"னு முடிவு பண்ணிடறீங்க. ஷிப்ட் மாறினா எங்களால வர முடியாது, அவ்வளவுதான். எங்களுக்கு வீட்டுலேர்ந்து செய்யற மாதிரி வேலை கொடுங்க.

உதாரணமா வாக்காளர் பட்டியல். தேர்தல் வந்தாத்தான் அதைத் தூசி தட்டறோம். 2022-லேர்ந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1-ன்னு 18 வயசு முடிஞ்சதைக் கணக்கிட வருஷத்துக்கு நாலு தகுதி நாள் இருக்கு. 17 வயசு முடிஞ்ச பசங்க பேர் சேர்க்க முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். திருத்தம், முகவரி மாற்றம்னா படிவம் 8. நம்ம ஊர்ல பாதிப் பேர் பெங்களூர், திருப்பூர்னு வேலைக்குப் போறவங்க. வீடு பூட்டியிருக்குன்னு பேரை எடுத்துட்டா அவனுக்கு ஓட்டுப் போட வந்த அன்னிக்குத்தான் தெரியும். பூத்துக்கு ஒரு வெளியூர்ப் பட்டியல் வச்சு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி, பேர் இருக்கான்னு பார்த்துச் சொல்றதை ஷிப்ட் முடிஞ்சு ரூம்ல உட்கார்ந்தே நாங்க செய்வோம்.

வெளிநாட்டுக் கதை ஒண்ணு. 2008-ல ஒபாமாவுக்காக லட்சக்கணக்கான தன்னார்வலர்கள் வேலை பார்த்தாங்க. ஜெயிச்சதும் 2009 ஜனவரியில அந்த அமைப்பை அப்படியே கட்சித் தலைமைக்குள்ள கொண்டுபோய் வச்சாங்க. அதுக்கப்புறம் தொண்டனுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் "இந்த மசோதாவை ஆதரிச்சுப் போன் பண்ணுங்க" மாதிரி மேலிருந்து வந்த மின்னஞ்சல்தான். நிறையப் பேர் சோர்ந்து ஒதுங்கினாங்க. 2010-ல அவங்க கட்சி பிரதிநிதிகள் சபையில 63 இடம் இழந்தது. தோல்விக்குப் பொருளாதாரம் பெரிய காரணம், அதை மறுக்கல. ஆனா தொண்டன் வாயைத் திறக்கவே வழியில்லாத குழு எவ்வளவு பெருசா இருந்தாலும் கரைஞ்சுடும். நம்ம வாட்ஸ்அப் குழுவுல அட்மின் மட்டும்தான் பதிவு போட முடியும்னு வச்சிருக்கோமே, அதே கதைதான்.

காரிமங்கலம் பெரியவர்

தம்பி சொன்னதற்கு நேர் எதிரான ஓர் எடுத்துக்காட்டு பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் 1996-இல் இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்ததும் மக்கள் திட்டமிடல் இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். ஊர்க் கூட்டத்தில் திட்டம் பேச ஆயிரக்கணக்கானோருக்குப் பயிற்சி தரப்பட்டது. வென்றவர்கள் தங்கள் ஆட்களை மட்டும் வைத்துக்கொள்ளாமல் எல்லோரையும் உள்ளே அழைத்தார்கள். நம்மிடம் அந்த அளவு நிதிப் பகிர்வு இல்லை. ஆனால் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. எந்த ஊருக்கு எந்த வேலை என்று பரிந்துரைக்கும் முன் பூத் வாரியாகக் கேட்டுவிட்டுச் செய்யலாமே? அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, மனம்தான் தேவை.

பாலக்கோடு தக்காளி

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன் ஐயா, வேற மாதிரி வந்துடுச்சு. எனக்கு ஒப்பந்தம் வேண்டாம். எங்க ஊர்ல நிழற்குடை எங்க கட்டணும்னு முடிவு பண்றப்போ, அந்த ஊர்ல வெயில்ல நடந்து ஓட்டுக் கேட்டவனை ஒரு வார்த்தை கேளுங்க. கேட்காம ஒரு ஒன்றியப் புள்ளி வீட்டுக்கு எதிர்ல கட்டிடறாங்க. மறுநாள் டீக்கடையில ஊரே என்னைப் பார்த்துக் கேக்குது, என்கிட்ட பதில் இல்லை. பதவி இல்லாததைவிட அதுதான் என்னை வீட்டுல உட்கார வச்சது.

தகடூரான்

தம்பி, நீ எழுதினதை எங்க ஒன்றியக் கூட்டத்துல அப்படியே வாசிச்சுக் காட்டப் போறேன், பேர் சொல்லாம. பொறுப்பு கேட்டு விலகிட்டான்னு நாங்க நினைக்கிற பாதிப் பேரோட மனசுல இருக்கிறது இதுவாத்தான் இருக்கும்னு இப்போ தோணுது. ஊர் கேக்குது, அவன்கிட்ட பதில் இல்லை. பதில் கிடைக்கிற இடத்துல அவனை நாம வைக்கல.

எம்எல்ஏகிட்ட ஒண்ணு கேக்கப் போறோம். மாசத்துல ஒரு நாள், மாறாத நாள், மதியம் ரெண்டு மணி. மேடை, மாலை, சால்வை எதுவும் கிடையாது. பூத்துக்கு ரெண்டு பேர், அதுல ஒருத்தர் கட்டாயம் பெண். ஒவ்வொரு தடவையும் வேற ஒன்றியத்துல. போன மாசம் கொடுத்த கோரிக்கை என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லிட்டுத்தான் புதுசு வாங்கணும். முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு சொன்னாப் போதும். வனத்துறை நிலம், ரோடு போட அனுமதி கிடைக்காதுன்னு காரணம் தெரிஞ்சா ஊர்ல போய்ச் சொல்லிக்கலாம். நிதி வரலைன்னாலும் சொல்லிக்கலாம். மழுப்பினாத்தான் தலை குனியணும்.

பழைய வார்டு மெம்பர்

நல்ல விஷயம். ஆனா எம்எல்ஏ சட்டசபை, கல்யாணம், துக்கம்னு ரெண்டாவது மாசமே வர மாட்டார். அன்னிக்கு என்ன பண்ணுவீங்கன்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க.

தகடூரான்

அவர் வரலைன்னாலும் கூட்டம் நடக்கும். அவர் உதவியாளர் நோட்டோட வரணும், அதைத்தான் உறுதியாக் கேக்கப் போறோம்.

ஓசூர் ரெண்டாம் ஷிப்ட்

பெட்ரோல், பஸ் காசு யார் கொடுக்கிறாங்கன்னும் பேசிடுங்க. அஞ்செட்டி மாதிரி ஊர்லேர்ந்து வர்றவனுக்குப் போக வரவே ஒரு நாள் கூலி காலி. தேர்தல் அன்னிக்குக் கொடுக்கத் தெரிஞ்ச கட்சிக்கு மாசம் ஒரு தடவை பஸ் காசு கொடுக்கத் தெரியணும். அதை உதவியாக் கொடுக்காம வரவு செலவு எழுதிக் கொடுங்க, வாங்கிறவனுக்குக் கூச்சம் இருக்காது.

மத்தூர்க்காரி

குழந்தைங்களைக் கூட்டிட்டு வரலாம்னும் சொல்லிடுங்க. அது தெரிஞ்சாலே வர்றவங்க எண்ணிக்கை கூடும்.

சித்தேரி அடிவாரம்

ஜமாபந்தியை மறந்துடாதீங்க. வருவாய்த்துறையோட கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30-ல முடியுது, பெரும்பாலும் அதை ஒட்டித்தான் தாலுகாவுல நடத்துவாங்க. கிராமக் கணக்கு மொத்தமும் அன்னிக்கு மேசைக்கு வரும். பட்டா உட்பிரிவு, வாரிசுப் பெயர் மாற்றம் மாதிரி வருஷக்கணக்கா இழுக்கிற மனுவையெல்லாம் பூத் வாரியா முன்கூட்டியே சேர்த்து வச்சா, உங்க கிராமத்து நாள்ல எல்லாரும் ஒண்ணாப் போகலாம். தனித்தனியா அலையறதுக்கு இது எவ்வளவோ மேல், மெம்பர் அண்ணா பயப்படற புரோக்கர் வேலைக்கும் இடமில்லை.

தகடூரான்

குறிச்சுக்கிட்டேன். பஸ் காசு, குழந்தைங்க, ஜமாபந்தி மூணும் சேர்த்தாச்சு. சித்தேரி அண்ணா, தண்ணி நோட்டுல என்னென்ன கட்டம் போட்டிருக்கீங்கன்னு ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இங்க போட முடியுமா? எங்க டீக்கடைக்காரர்கிட்ட பேசினேன். அவர் பாகத்துல அவரே ஆரம்பிக்கிறேன்னு சொல்லிட்டார்.

சித்தேரி அடிவாரம்

வீட்டு நம்பரும் பேரும் தெரியாத மாதிரி ஒரு பக்கத்தை நாளைக்குப் போடறேன். கடைசிக் கட்டத்தை மட்டும் காலியா விடாதீங்க. "யார்கிட்ட சொன்னோம், என்ன பதில் வந்தது"ன்னு எழுதற கட்டம் அது.